வளவுக்குள் ஓடும் ரயில்: விளையாட்டு ரயிலை மெய்யான மாதிரியாக மாற்றுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பல வீடுகளுக்கு இன்னும் நல்ல வளவு இருக்கிறது. தென்னைகளுக்கு இடையே ஒரு துண்டு நிலமும், பிள்ளைகள் விளையாடி அலுத்துப்போன ஒரு பற்றரி ரயிலும் கிடைத்தால் வளவு ரயில் பாதையைத் தொடங்கிவிடலாம். இதில் இறங்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாதிரி ரயிலுக்கு உயிர் கொடுப்பவை இரண்டு. ஒரே அளவு விகிதத்தை விடாமல் பிடிப்பது ஒன்று. நமக்குத் தெரிந்த ரயிலை, நமக்குத் தெரிந்த நிலத்தில் ஓடவிடுவது மற்றொன்று. பணம் இவற்றுக்குப் பிறகுதான்.

விளையாட்டு ரயிலைக் கொண்டு உண்மையிலேயே நல்ல மாதிரி செய்ய முடியுமா?

முடியும். இன்று உலகெங்கும் தோட்டங்களில் ஓடும் பெரிய மாதிரி ரயில்களின் வரலாறே ஒரு பொம்மை நிறுவனத்தில்தான் திருப்பம் கண்டது. தகரப் பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற ஜெர்மனியின் லேமன் நிறுவனம் 1968இல் எல்ஜிபி என்ற பெயரில், மழையிலும் வெயிலிலும் வெளியே ஓடக்கூடிய ரயில்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தண்டவாளங்களுக்கு இடையே 45 மில்லிமீட்டர் இடைவெளி என்பதை அது பயன்படுத்தியது. பின்னர் வந்த மலிவான பற்றரி ரயில்கள் பலவும் அதே இடைவெளியைப் பின்பற்றின. ஆகவே உங்கள் வீட்டு அலமாரியில் கிடக்கும் பொம்மையின் அடிச்சட்டம், நல்ல மாதிரி ரயிலின் தண்டவாளத்தில் ஓடும் வாய்ப்பு அதிகம். அந்த அடிச்சட்டமும் மோட்டாரும்தான் நமக்கு முக்கியம். மேலே இருக்கும் உடலை மாற்றலாம், வெட்டலாம், முழுதாகவே தூக்கிப்போடலாம்.

எந்தப் பொம்மை பொருந்தும்?

அளவுகோலை எடுத்து இரண்டு தண்டவாளங்களின் உட்பக்க இடைவெளியை அளந்து பாருங்கள். 45 மில்லிமீட்டர் என்றால் நல்லது. நியூ பிரைட் பற்றரி ரயில்களும் பிளேமொபில் நிறுவனத்தின் பழைய ரயில்களும் இந்த இடைவெளி கொண்டவை. லெகோ ரயில் ஏறத்தாழ 38 மில்லிமீட்டர். லயனல் நிறுவனத்தின் ‘ரெடி டு பிளே’ பற்றரி ரயில் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர். இவ்விரண்டும் பொதுத் தண்டவாளத்தில் ஏறாது. பழைய தகர ரயில்களில் 32 மில்லிமீட்டர் கொண்டவை கிடைக்கும். அவற்றுக்குத் தனியாக ஒரு நல்ல பயன் உண்டு, கீழே சொல்கிறேன்.

மத்திய கிழக்கிலிருந்து வந்தவர்கள் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்த பெட்டிகள், கொழும்புப் புறக்கோட்டைக் கடைகள், மாமாங்கேஸ்வரர் ஆலய ஆடி அமாவாசைத் திருவிழாக் கடைகள் என்று தேடிப் பாருங்கள். ஓடாத பொம்மையையும் ஒதுக்க வேண்டாம். சக்கரமும் அச்சும் நேராக இருந்தால் போதும்.

அளவு விகிதம் என்பதை எப்படி முடிவு செய்வது?

மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கும் கேள்வி இது. பொறுமையாகப் படியுங்கள்.

பொம்மை செய்பவர்கள் விகிதம் பார்ப்பதில்லை. எஞ்சின் ஒரு அளவில் இருக்கும், பெட்டி வேறு அளவில் இருக்கும், கதவு யாருமே நுழைய முடியாத அளவில் இருக்கும். நாம் செய்ய வேண்டியது, தண்டவாள இடைவெளியை உண்மையான ஒரு பாதையோடு ஒப்பிடுவது. அதிலிருந்து மூன்று வழிகள் கிடைக்கின்றன. மூன்றுமே தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமானவை.

முதல் வழி நம்முடைய அகலப் பாதை. இலங்கையின் தண்டவாள இடைவெளி 5 அடி 6 அங்குலம், அதாவது 1676 மில்லிமீட்டர். இதை 45ஆல் வகுத்தால் ஏறத்தாழ 37 வரும். ஆகவே 45 மில்லிமீட்டர் பாதையில் மட்டக்களப்பு ரயிலைச் சரியாகக் காட்ட வேண்டுமானால் விகிதம் 1:37, அதாவது எல்லாமே உண்மை அளவில் 37இல் ஒரு பங்கு. இந்த அளவில் 1.65 மீட்டர் உயரமுள்ள ஒருவர் 45 மில்லிமீட்டர் உயரம் இருப்பார். கடைகளில் விற்கும், பின்னால் இழுத்துவிட்டால் ஓடும் சிறு உலோகக் கார்களில் பல இதற்கு நெருங்கிய அளவில் இருப்பது ஒரு வசதி.

இரண்டாவது, களனிவெளிப் பாதை. 1990களில் அகலப் பாதையாக மாற்றப்படும் வரை அது 2 அடி 6 அங்குலக் குறும்பாதை, 762 மில்லிமீட்டர். 1:24 விகிதத்தில் அது 31.75 மில்லிமீட்டர் ஆகிறது. 32 மில்லிமீட்டர் தகர ரயில் தண்டவாளத்துக்கு இதைவிடப் பொருத்தம் கிடைக்காது. பழைய தகர ரயிலை எறிய வேண்டாம் என்று சொன்னது இதற்காகத்தான். 1:24 என்பது மாதிரிக் கார்களில் மிகப் பரவலான அளவு என்பதால் வீதிக் காட்சிக்கும் பஞ்சம் இல்லை.

மூன்றாவது, தமிழகத்தின் மீட்டர் பாதை. 1000 மில்லிமீட்டரை 22.5ஆல் வகுத்தால் 44.4. 45 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் 1:22.5 அளவு மீட்டர் பாதைக்குக் கச்சிதமாகப் பொருந்தும். சென்னை எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரை ஓடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னாருக்கு ஆட்களை அனுப்பிய ‘போட் மெயில்’ ரயில் மீட்டர் பாதையில்தான் ஓடியது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு அந்தப் பயணமும் முடிந்தது. பெரும்பாலான பொம்மை நீராவி எஞ்சின்களின் உடல் இந்த அளவுக்கு நெருக்கமாக இருப்பதால், உடலைத் தூக்கிப்போடாமல் திருத்தியே பயன்படுத்தலாம். முதல் முயற்சிக்கு இது எளிய வழி.

ஒன்றைத் தேர்ந்தபின் அந்த விகிதத்தில் ஒரு மனித உருவத்தைக் களிமண்ணிலோ மரத்திலோ செய்து மேசையில் வையுங்கள். 1:37 என்றால் 45 மில்லிமீட்டர், 1:24 என்றால் 69, 1:22.5 என்றால் 73. எஞ்சினின் கதவு, மேடை, வேலி, மரம், மாட்டு வண்டி எதைச் செய்தாலும் அந்த ஆளை அருகில் நிறுத்திப் பாருங்கள். அவர் நுழைய முடியாத கதவும் ஏற முடியாத படியும் தவறானவை. கணக்குப் பார்க்கச் சோம்பல்படும் நாளிலும் இந்த ஆள் உங்களைக் காப்பாற்றுவார்.

எந்த எஞ்சினை மாதிரியாக எடுப்பது நல்லது?

அகலப் பாதைக்கு நான் பரிந்துரைப்பது எம்2. கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு உதவித் திட்டத்தின் கீழ் 1954 முதல் கனடாவிலிருந்து வந்த டீசல் எஞ்சின் வகை அது. முதலில் வந்தவற்றுக்கு ஒன்ராறியோ, அல்பேட்டா போன்ற கனடிய மாகாணங்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. வரலாற்று மதிப்பு ஒருபுறம் இருக்க, கைவேலைக்கு ஏற்ற வடிவம் அதற்கு உண்டு: நீண்ட ஒடுங்கிய மூக்கு, இரு பக்கமும் நடைபாதை, மெல்லிய கைப்பிடிக் கம்பி, ஒரு பக்கமாக ஓட்டுநர் அறை. பெரும்பாலும் தட்டையான பரப்புகள். பிளாஸ்டிக் தகட்டை வெட்டி ஒட்டியே முழு உடலையும் எழுப்பிவிடலாம். புதிய டீசல் தொடர்வண்டிகளின் வளைந்த முகத்தைச் செய்வது கடினம். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் 14 மீட்டர் நீளமுள்ள எஞ்சின் 1:37இல் 38 சென்டிமீட்டர் வரும். பொம்மையின் ஒற்றை அடிச்சட்டம் அதற்குப் போதாது. ஒரே வகைப் பொம்மை இரண்டு வாங்கி, இரண்டின் மோட்டார்ப் பகுதிகளையும் முன்னும் பின்னும் சுழலும்படி பொருத்தினால் வளைவிலும் அழகாகத் திரும்பும், இழுவையும் இரட்டிப்பாகும்.

மாற்றும் வேலையை எங்கிருந்து தொடங்குவது?

திருப்புளியிலிருந்து. வெட்டும் முன் முழுதாகக் கழற்றுங்கள், ஒவ்வொரு படியையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பிளாஸ்டிக்கை இனம் காணுங்கள். உள்ளே தெரியாத இடத்தில் ஒரு சிறு துண்டை வெட்டி நல்ல தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் அது பெரும்பாலும் பொலிபுரோப்பிலீன் வகை; பசையும் பிடிக்காது, வர்ணமும் உரிந்து வரும். அதைத் திருகாணியால் பொருத்துவதே வழி. மூழ்கினால் பெரும்பாலும் ஏபிஎஸ் அல்லது பொலிஸ்டைரீன். அவற்றை அசற்றோன் இளக்கும் என்பதால் உறுதியாக ஒட்டலாம், நன்றாக வர்ணமும் ஏறும். அசற்றோனைக் காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்கு எட்டத்தில் பயன்படுத்துங்கள்.

பிறகு பொம்மைத்தனத்தை நீக்க வேண்டும். அநேகமான பொம்மை எஞ்சின்கள் அமெரிக்க மேற்குப் பகுதியின் பழைய எஞ்சினைப் போலச் செய்தவை: முன்னால் மாடு தள்ளும் கூம்புச் சட்டம், மேலே பெரிய மணி, புனல் போன்ற புகைபோக்கி, தங்க நிறக் கோடுகள். இவை நம் நாட்டு எஞ்சினுக்கு உரியவை அல்ல. சட்டத்தை வெட்டி எடுத்துவிட்டு நேரான பலகையும், பெட்டிகள் முட்டும்போது அதிர்வைத் தாங்கும் இரண்டு வட்டுகளும் (பஃபர்) வையுங்கள். புகைபோக்கிக்குப் பதில் பிவிசி குழாய்த் துண்டு. இந்த மூன்று மாற்றங்களிலேயே அது வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்துவிடும்.

சக்கரங்களுக்கு வருவோம். பிளாஸ்டிக் சக்கரம் இலேசானது, தேய்ந்து அழுக்குப் பிடிக்கும். பெட்டிகளுக்காவது உலோகச் சக்கரம் போடுங்கள். எடை கீழே இறங்குவதால் பெட்டி கவிழாது, ஓடும் ஒலியும் மாறிவிடும். 45 மில்லிமீட்டர் பாதையில் இரு சக்கரங்களின் உட்பக்கங்களுக்கு இடையே ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். எல்லா அச்சிலும் அது ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். தடம் புரளும் ரயில்களில் நான் முதலில் சோதிப்பது இதைத்தான்.

எஞ்சினுக்கு எடை வேண்டும். வாவிக்கரையில் வாழும் நமக்கு அது எளிது: மீன்பிடி வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகள். அவற்றை ஓட்டும் சக்கரங்களுக்கு நேர் மேலே, முடிந்தவரை தாழ்வாக வைத்து ஒட்டுங்கள். ஈயம் நஞ்சு. தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், தேய்த்துத் தூளாக்க வேண்டாம், பிள்ளைகளின் கைக்கு எட்டாதபடி மூடிவிடுங்கள்.

பொம்மை மிக வேகமாக ஓடுகிறதே?

மாதிரியின் மாயம் கலையும் முதல் இடம் வேகம்தான். 30 கிலோமீட்டர் வேகத்தில் நிலையத்தை நெருங்கும் ரயில் 1:24 அளவில் நொடிக்கு 35 சென்டிமீட்டர் நகர வேண்டும். 1:37இல் 23 சென்டிமீட்டர்தான். பொம்மையின் மோட்டாரை எடுத்துவிட்டு, பற்சக்கரத்தோடு வரும் என்20 வகைச் சிறு மோட்டாரையும் மலிவான வேகக் கட்டுப்பாட்டுப் பலகையையும் பொருத்துங்கள். உடைந்த ரிமோட் கார் ஒன்றின் உள்ளுறுப்புகளைக் கொண்டு தூரத்திலிருந்து இயக்கவும் செய்யலாம்.

மின்சாரம் தண்டவாளம் வழியாகவா, பற்றரியா?

கரையோரத்தில் பற்றரி. தயங்காமல் சொல்கிறேன். உப்புக் காற்றும் ஈரமும் பித்தளைத் தண்டவாளத்தின் மேல் படலம் ஏற்றிவிடும். ஒவ்வொரு முறை ஓட்டும் முன்னும் முழுப் பாதையையும் துடைக்க வேண்டியிருக்கும். பற்றரி ரயிலுக்கு அந்தத் தொல்லை இல்லை, மலிவான அலுமினியத் தண்டவாளமும் போதும். லித்தியம் பற்றரி என்றால் பாதுகாப்புச் சுற்று உள்ளதையே வாங்குங்கள், ஒரு ஃபியூஸ் சேருங்கள், வெயிலில் கிடந்து சூடான எஞ்சினுக்குள் வைத்துச் சார்ஜ் செய்யாதீர்கள். அம்பாறை நகரம், உகனைப் பக்கம் போன்ற உள்நாட்டில் இருப்பவர்களுக்கு உப்புத் தொல்லை குறைவு. தண்டவாள மின்சாரத்தை முயன்று பார்க்கலாம். அப்போதும் 230 வோல்ட் வீட்டுக்குள்ளேயே நிற்க வேண்டும், வளவுக்கு வருவது 24 வோல்ட்டுக்கு மேற்படாத நேர்மின்னோட்டமாக இருக்க வேண்டும்.

வர்ணம் எப்படிப் பூசுவது? புதிது போலப் பளபளக்கிறதே.

பளபளப்பைப் போக்குவதே பாதி வேலை. சோப்புத் தண்ணீரில் கழுவி, நுண்ணிய தேய்ப்புத்தாளால் மேற்பரப்பை மங்கவைத்து, பிரைமர் அடியுங்கள். அதன்மேல் பளபளப்பற்ற அக்ரிலிக் வர்ணம், இரண்டு மெல்லிய பூச்சு. நிறத்தை நினைவிலிருந்து தேர்ந்தெடுக்காதீர்கள். மட்டக்களப்பு நிலையத்துக்கு ஒரு காலை நேரம் போய், மேடையில் நின்று பெட்டிகளைப் பாருங்கள். நாம் “சிவப்பு” என்று சொல்வது அங்கே மண்ணும் புகையும் கலந்த வேறொரு நிறமாகத் தெரியும். பிரகாசமான வர்ணத்தில் சாம்பல் நிறம் சிறிது கலந்தால் அது தூரத்தில் நிற்பது போலக் கண்ணுக்குத் தெரியும். சிறிய பொருளுக்கு இது அவசியம்.

பழமைப்படுத்த விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை. கிறவல் வீதியின் செம்மண் தூசு, இடித்துச் சலித்த கரித்தூள், செங்கல் பொடி ஆகிய மூன்றும் போதும். செம்மண் சக்கரங்களுக்கும் அடிச்சட்டத்துக்கும்; கரி கூரைக்கும் புகைபோக்கும் இடத்துக்கும்; செங்கல் பொடி துருவுக்கு. மென்மையான தூரிகையால் மேலிருந்து கீழாக இழுங்கள், மழைநீர் வழியும் திசை அது. கடைசியில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் மங்கல் வார்னிஷ் பூசாவிட்டால் ஒரு கோடையிலேயே நிறம் வெளுத்துவிடும்.

பெட்டிகளை என்ன செய்வது?

20 மீட்டர் நீளப் பெட்டி 1:37இல் 54 சென்டிமீட்டர் வரும். பொம்மை வளைவுகளில் அது திரும்பாது. நீளத்தைச் சுமார் 40 சென்டிமீட்டராகக் குறைத்து, சன்னல்களின் எண்ணிக்கையையும் குறைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சன்னலின் அளவை மட்டும் மாற்றாதீர்கள்; கண் நீளத்தை மன்னிக்கும், சன்னலை மன்னிக்காது. சன்னல்கள் திறந்தபடி இருக்கட்டும். கதவருகே ஆட்கள் நிற்கட்டும். உள்ளே ஒரு பை, ஒரு மாம்பழக் கூடை. ஆளில்லாத ரயில் நம் பாதையில் ஓடுவதில்லை.

தண்டவாளத்தை வெயிலில் போட்டால் வளையுமா?

வளையும், கணக்குப் பார்க்காவிட்டால். காலைக்கும் நண்பகலுக்கும் இடையே தண்டவாளம் 30 பாகை சூடேறினால், 10 மீட்டர் பித்தளை ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீளும். அலுமினியம் 7 மில்லிமீட்டர். பொம்மையோடு வரும் பிளாஸ்டிக் தண்டவாளம் 20 மில்லிமீட்டருக்கு மேல் நீளும், புற ஊதாக் கதிரில் நொறுங்கியும் போகும். ஆகவே பிளாஸ்டிக் தண்டவாளத்தை வராந்தாவில் ஒத்திகைக்கு வைத்துக்கொண்டு வெளியே உலோகம் போடுங்கள். இணைப்புகளில் சிறு இடைவெளி விடுங்கள். சிலிப்பர் கட்டைகளை நிலத்தோடு இறுகப் பூட்ட வேண்டாம். தண்டவாளம் சல்லியின் மேல் மிதக்க வேண்டும்.

வளைவின் ஆரம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது. பொம்மை வளைவு 60 சென்டிமீட்டர் ஆரம் கொண்டது. அதை இரட்டிப்பாக்கி 1.2 மீட்டர் ஆக்கினால் ரயில் உடனே கம்பீரம் பெறும். ஏற்றம் மீட்டருக்கு 2 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம்.

3டி அச்சில் உதிரிகள் செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு: பிஎல்ஏ என்ற அச்சுப் பிளாஸ்டிக் 60 பாகைக்கு அருகிலேயே இளகிவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயிலில் நிற்கும் கறுப்பு எஞ்சின் அந்தச் சூட்டை எட்டக்கூடும். ஏபிஎஸ் அல்லது ஏஎஸ்ஏ பயன்படுத்துங்கள்.

மாரியில் வளவு முழுக்கத் தண்ணீர் நிற்கிறது. பாதை தாங்குமா?

நம் பகுதியின் உண்மையான சோதனை இதுதான். வெளிநாட்டார் எழுதும் வழிகாட்டிகள் பனிக்கும் உறைபனிக்கும் ஏற்றவை. நமக்கு நவம்பர் முதல் ஜனவரி வரை கொட்டும் வடகீழ்ப் பருவமழையே அளவுகோல். கரையோர மணலில் நீர்மட்டம் மேலே வந்துவிடும். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கத்துக் களிமண்ணில் தண்ணீர் இறங்கவே இறங்காது. இரண்டு நிலத்துக்கும் இரண்டு வழி.

மணல் நிலத்தில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அகழி வெட்டி, அடியில் உடைந்த ஓட்டுத் துண்டுகளும் செங்கல் உடைசலும் நிரப்பி, மேலே சல்லி போடுங்கள். அகழியின் ஓரம் சரியாதபடி பக்கத்தில் ஓடுகளைச் செங்குத்தாக நட்டுவையுங்கள். களிமண் நிலத்தில் தோண்டாதீர்கள். தோண்டிய இடம் வாய்க்காலாக மாறிவிடும். சீமெந்துக் கற்களை அடுக்கி அரை மீட்டர் உயரத்தில் பாதையை எழுப்புங்கள். குனியாமல் வேலை செய்யலாம், வெள்ளம் வந்தாலும் தண்டவாளம் மேலே நிற்கும், பார்வையாளரின் கண்ணும் ரயிலுக்கு அருகில் வரும். வயது முதிர்ந்தவர்களுக்கு உயர்த்திய பாதை ஒன்றே நான் சொல்லும் வழி.

மேல் சல்லிக்குக் கடற்கரை மணலைத் தொடாதீர்கள். உப்பு தண்டவாளத்தையும் சக்கரத்தையும் தின்றுவிடும். உருண்டையான ஆற்று மணலும் உதவாது, மணிகள் ஒன்றையொன்று பிடிப்பதில்லை. கல் உடைக்கும் இடத்தில் கிடைக்கும் கருங்கல் தூளை வாங்கி, 2 முதல் 4 மில்லிமீட்டர் மணிகளைச் சலித்தெடுங்கள். கூரான விளிம்புகள் ஒன்றோடொன்று பின்னிப் பாதையை இறுக்கும். உண்மையான பாதையின் 5 சென்டிமீட்டர்ச் சல்லி 1:24இல் 2 மில்லிமீட்டர்தான் என்பதால் தோற்றத்துக்கும் இதுவே சரி.

சிலிப்பர் கட்டைக்கு வைரம் பாய்ந்த பனை மரச் சலாகை நல்லது. கறுத்து உறுதியாக இருக்கும், கறையான் எளிதில் அணுகாது.

எந்தச் செடிகளை நடுவது?

இலை சிறிதாக இருக்க வேண்டும். அது ஒன்றே விதி. பெரிய இலைச் செடியின் அருகே ரயில் மறுபடியும் பொம்மையாகிவிடும். குட்டை வெட்சியைக் கத்தரித்து வளர்த்தால் தோப்பு மரமாகத் தெரியும். சவுக்கு நாற்று, கரையோரச் சவுக்குத் தோப்பாகவே நிற்கும். உயர உயரப் பிடுங்கிப் புது நாற்று நட வேண்டும். துளசியை நுனி கிள்ளி வளர்த்தால் புதர் மரம். பத்துமணிப்பூ தாழ்ந்த தரைக்கு. அறுகம்புல் வயல்வரம்பு போல அழகாகத் தொடங்கும், சில வாரங்களில் சல்லிக்குள் வேரோடி தண்டவாளத்தைத் தூக்கும். அதைப் பாதையிலிருந்து ஒரு முழம் தள்ளியே வையுங்கள். வயலை உண்மையாகவே வேண்டுபவர்கள் தாழ்ந்த தட்டில் சேறு பரப்பி நெல் விதைத்து, முளைத்த பச்சையைக் கத்தரியால் ஒரு விரலளவில் நிறுத்தலாம்.

நிலையம், பாலம் எல்லாம் எப்படி அமைப்பது?

நிலையத்தை முதலில் செய்யாதீர்கள், பெயர்ப்பலகையை முதலில் செய்யுங்கள். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் கொண்ட அந்தப் பலகை ஒன்று நின்றாலே இடம் இலங்கை என்று புரிந்துவிடும். வாழைச்சேனை, கல்குடா, ஏறாவூர், மட்டக்களப்பு என்று உங்கள் மனதுக்கு நெருங்கிய பெயரை எழுதுங்கள். கட்டடத்துக்குச் சீமெந்துத் தகடோ அலுமினியக் கூட்டுத் தகடோ நல்லது. ஒட்டுப்பலகை மாரிக்கு ஊதிவிடும்.

பாலம் என்றால் நம் பாதையில் இரண்டு பெரும் செல்வங்கள் உண்டு: ஓட்டமாவடிப் பாலமும், பொலனறுவைப் பக்கம் மகாவலியைக் கடக்கும் மன்னம்பிட்டிப் பழைய பாலமும். புதிய வீதிப் பாலங்கள் வரும்வரை ரயிலும் வாகனங்களும் ஒரே இரும்புப் பாலத்தைப் பகிர்ந்த இடங்கள் இவை. ரயில் வரும்போது பஸ்களும் லொறிகளும் இருபுறமும் காத்து நிற்க வேண்டும். அந்தக் காட்சியை, தண்டவாளம் வீதியின் நடுவே பதிந்திருக்கும் அந்தப் பழைய நிலையை, மாதிரியில் கொண்டுவருவது நம் தலைமுறை செய்யக்கூடிய நல்ல ஆவணம். பாலத்தில் காத்திருந்த பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்வதை எழுதிவைத்துக்கொண்டு கட்டுங்கள். அலுமினிய ‘எல்’ கோணச் சட்டமும் பொப் ரிவெட்டும் போதும்.

கல்லடிப் பாலத்தையும் பலர் கேட்கிறார்கள். 1924இல் திறக்கப்பட்ட அது வீதிப் பாலம்; ரயில் அதில் ஓடியதில்லை. பாதைக்குப் பின்னால், வாவியின் மேல் காட்சியாக வைக்கலாம்.

அம்பாறை மாவட்டத்தில் ரயிலே இல்லையே, நாங்கள் எதை மாதிரியாக எடுப்பது?

இல்லாத பாதையை நீங்கள் கட்டலாம். மட்டக்களப்பில் நின்றுவிடும் தண்டவாளத்தைத் தெற்கே நீட்ட வேண்டும் என்ற பேச்சு நெடுங்காலமாக இருக்கிறது. களுவாஞ்சிகுடி, கல்முனை, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் என்று அது நீண்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதை உங்கள் வளவில் காட்டுங்கள். கற்பனைப் பாதை என்பதற்காகக் கட்டுப்பாடு தளர வேண்டாம்: அதே இடைவெளி, அதே பெட்டிகள், அதே பெயர்ப்பலகை வடிவம். நிலம் மட்டும் உங்களுடையது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல், இடையே நெருங்கிய ஊர்கள். கல்முனையில் மேடை சந்தைக்கு எவ்வளவு அருகே வரும், திருக்கோவிலில் பாதை கோயிலுக்கு எந்தப் பக்கம் போகும் என்று யோசிக்கத் தொடங்கினால் உங்கள் ஊரை நீங்கள் பார்க்கும் பார்வையே மாறும். இதுவரை நான் பார்த்த யோசனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

நாய், குரங்கு, எறும்பு?

எறும்பு எஞ்சினுக்குள் கூடு வைக்கும். ஓட்டி முடித்ததும் ரயிலை வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். குரங்கு வரும் ஊரில் மனித உருவங்களைத் திருகாணியால் பூட்டுங்கள். நாய் சில நாட்களில் பழகிவிடும்.

உண்மையான எஞ்சினை அளக்க தண்டவாளத்தில் இறங்கலாமா?

கூடாது. நிலைய அதிபரிடம் சொல்லி, மேடையிலிருந்தே படம் எடுங்கள். ஒருவரைப் பெட்டியின் அருகே நிறுத்தி எடுத்தால் அவருடைய உயரத்தைக் கொண்டு மற்ற அளவுகளைக் கணக்கிட்டுவிடலாம்.

கையில் பணம் குறைவு. எதை முதலில் வாங்குவது?

தண்டவாளம். எஞ்சினையும் பெட்டியையும் கழிவுப் பொருளிலிருந்து செய்யலாம், தண்டவாளத்தைச் செய்ய முடியாது. 4 மீட்டர் நேர்ப்பாதை, இரு முனையிலும் ஒரு மேடை, நடுவே ஒரு கடவை. முன்னும் பின்னும் ஓடும் ரயிலே போதும். வட்டம் பிறகு வரட்டும்.

மழைக்காலத்துக்கு முன் செய்ய வேண்டியவை?

ஒக்டோபர் முடிவதற்குள் கட்டடங்களையும் உருவங்களையும் உள்ளே எடுங்கள். இணைப்புகளைக் கழற்றி மெல்லிய எண்ணெய் தடவி மீண்டும் பூட்டுங்கள். தென்னைக்கு நேர் கீழே பாதை போனால் அந்தத் துண்டின் மேல் கிடுகுப் பந்தல் ஒன்று போடுங்கள். விழும் ஓலையின் அடியை அது தாங்கிக்கொள்ளும், தேங்காய்க்கு ஈடுகொடுக்காது, அதற்கு முன்கூட்டியே குலையை இறக்கிவிடுவதுதான் வழி. பற்றரிகளைப் பாதியளவு சார்ஜில், குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வையுங்கள். எஞ்சினைத் திறந்து பற்சக்கரத்தைச் சுத்தம் செய்யவும் அடுத்த பெட்டியைத் தொடங்கவும் டிசம்பர் மாத இரவுகள் இருக்கின்றன.